சார் என்று கூப்பிட்ட கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில், இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நான் அங்கே டைப்பிஸ்ட். கொழும்பில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவள் என்பதால் அதை என் மேசையில் வைத்தார்கள். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கரையா அதைக் கடந்து போகும்போதெல்லாம் வேட்டை நாயைக் கடப்பவர் போல ஒதுங்கிப் போவார்.

கூடவே வந்த புத்தகத்தில் 'என்வைரன்மென்ட் வேரியபிள்' என்று ஓர் அத்தியாயம் இருந்தது. நாலு தடவை படித்தும் எனக்குப் புரியவில்லை. கடைசியில் 'செட்' என்று அடித்துப் பார்த்தேன். மெஷின் தன் நினைவில் வைத்திருந்த சில பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் நேரே அதற்குக் கொடுத்திருந்ததையும் காட்டியது. அதில் ஒன்று 'பிராம்ப்ட்'. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்போது திரையில் என்ன எழுத வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். அதை 'குட் மார்னிங் சார்' என்று மாற்றிவிட்டு ஐயாவைக் கூப்பிட்டேன்.

அவர் ஒற்றை விரலால் என்டரைத் தட்டினார். குட் மார்னிங் சார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடியும் குட் மார்னிங் சார்.

"மரியாத தெரிஞ்ச மெஷினு," என்றார்.

பகல் சாப்பாடு முடிந்தும் வந்து தட்டினார். "மணி ரெண்டாச்சே புள்ள, இன்னும் மார்னிங்குதா?"

"அது நேரம் பாத்துச் சொல்றதில்லீங்கய்யா. அந்தப் பேருக்கு நாம என்னத்தக் குடுத்தமோ அதத்தான் சொல்லும்."

நானும் ஒருமுறை தட்டிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"ஒன்னையும் சாருங்குது."

"யாரு தட்டுனாலும் அப்பிடித்தாங்க."

மறுநாள் மெஷினைப் போட்டபோது பழைய பிராம்ப்ட் வந்திருந்தது. நிறுத்தினால் மறந்துவிடும், தினமும் சொல்லித்தர வேண்டும் என்றேன். அதற்கு அடிக்க வேண்டிய வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எனக்கு அரைமணி முன்னதாகவே ஆபீசுக்கு வந்துவிடுவார். தானே அடித்து, வேண்டிய மட்டும் வணக்கம் வாங்கிக்கொண்டு, நான் வரும் முன் நிறுத்திவிடுவார். திரை மட்டும் இளஞ்சூடாக இருக்கும்.

ஒருநாள் நான் வந்தபோது மெஷின் நிறுத்தப்படாமல் இருந்தது. என்டரைத் தட்டினேன். 'சிட் டவுன் அண்ட் வொர்க்' என்றது. எதிர் மேசையில் ஐயா முகத்தை மறைத்துப் பிடித்திருந்த ஃபைல் குலுங்கிக்கொண்டிருந்தது.

வொர்க்கில் ஓர் இங்கிலீஷ் எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.