விரிசல் விழும் இடம்

பாலத்தில் விரிசல் எங்கே விழும் என்று கணினியில் கணக்குப் போட்டவள் தங்கை. பேராசிரியர் அவள் பெயரை நீக்கித் தன் ஆய்வாக வெளியிட்டார். அவளுக்குத் தருவதாகச் சொன்ன ஆராய்ச்சி இடத்தையும் மறுத்தார். அவள் கறுவிக்கொண்டே வேறு ஊரில் படித்து, சொந்தமாக ஆய்வகம் அமைத்தாள்.

பிறகொரு கருத்தரங்கில் அவர் அவள் கணக்கில் வந்த அதே விரிசல் படத்தைத் திரையில் காட்டினார். அக்காவின் பக்கத்திலிருந்து தங்கை எழுந்தாள்.

"சார், பாலத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சீங்களே, கட்டத்தை இன்னும் பொடிசாக்கிப் பாத்தீங்களா?"

"தேவைப்படல."

"நான் பாத்தேன். விரிசல் வேற இடத்துக்குப் போயிடுது. நான் முடிக்கிற வரைக்குமாவது பொறுத்திருந்து திருடியிருக்கலாம் சார்."

அரங்கம் சிரித்தது. அவர் முகம் கறுத்தது.

"இப்ப மனசு ஆறிச்சாடி?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்லக்கா. அவரோட மாணவங்க ரெண்டு பேரு என்கிட்ட இடம் கேட்டிருக்காங்க. இன்னைக்கே குடுக்கப்போறேன்."