யானை வயிற்றுக் குடித்தனம்

நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஹெர் வால்ட்டர், அதாவது வால்ட்டர் ஐயா, காலையில் எழுந்ததும் முதல் வணக்கத்தைக் கண்ணாடித் தொட்டிக்குச் சொல்வார். எனக்கு அதற்கப்புறம்தான். நம்புங்கள், ஊர்க்காரர்களே. மேற்கு ஜெர்மனியில் கடல் வாசனையே எட்டாத ஒரு பீங்கான் ஊர் அது. மனிதர் பொட்டல உப்பைக் கரைத்துத் தன் கூடத்திலேயே ஒரு கடல் செய்து வைத்திருந்தார். நாலு பவளக் கல், இரண்டே இரண்டு மீன். வணக்கம் மீனுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அறுபதுகளில் விருத்தாசலம் பீங்கான் கூடத்தில் எனக்குச் சல்லடை வேலை. கரைத்த களிமண்ணைத் தூசி தும்பு இல்லாமல் சலித்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். “ஒரு மணல வுட்டாலும் பொம்மைக்குச் சொறி வந்துடும்டா” என்று மேஸ்திரி கத்துவார். அந்தச் சல்லடைக் கைதான் எழுபதுகளில் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. மனைவி மல்லிகா வேப்பூரில் இருந்தாள். இங்கே இரண்டு பேர் குடியிருக்க இடம் உண்டு என்று வால்ட்டர் கையெழுத்துப் போட்டால்தான் அவள் வரலாம். அவரோ இரண்டு வருஷமாக “பார்க்கலாம்” என்றார். அவள் பெயரைக்கூடக் கேட்டதில்லை. மல்லிகா கடிதத்துக்குக் கடிதம் எழுதுவாள்: “வூட்டுக்காரரு கையெழுத்துப் போட்டாரா இல்லியா? எங்கம்மா வூட்லயே எத்தினி நாளுங்க குந்தியிருக்கறது?”

ஒருமுறை வால்ட்டர் பத்து நாள் வெளியூர் கிளம்பினார். “தொட்டியைப் பார்த்துக்கொள். தீனி போடாதே, வேண்டியது உள்ளேயே இருக்கிறது” என்றார். அடப்பாவி, மீனையும் பட்டினி போடுகிற கஞ்சனா என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் உற்றுப் பார்த்தால், கல்லெல்லாம் எள்ளைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சிகள். கிணற்றுத் தண்ணீரில் பூச்சி நெளிந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? வேட்டியை நாலாக மடித்தேன். ஒரு சொட்டு விடாமல் கடலையே வடிகட்டினேன். கற்களைக் குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். மூலையில் கிடந்த யானையை மட்டும் தொடவில்லை. அது தும்பிக்கை கோணிப்போனதால் கழித்துக் கட்டிய விருத்தாசலம் பொம்மை. நான் கொடுத்த அன்பளிப்பு, மீன் ஒளிந்துகொள்ள அவர் அங்கே போட்டிருந்தார். நம்ம ஊர்ச் சாமானில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது என்ற திமிர் எனக்கு.

திரும்பி வந்தவர் பூதக்கண்ணாடியோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “எங்கே அவர்கள்?”

“வடிகட்டிவிட்டேன். சுத்தம்!” என்றேன் பெருமையாக.

மனிதர் தரையில் உட்கார்ந்து அழுதார். அவை பூச்சிகள் இல்லையாம். நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்துப் பங்காளிகளாம், பெயர் கோப்பிபோட். அந்த மீன்கள் வேறெதையும் தின்னாதவை என்று ஒரு வருஷமாக வளர்த்தாராம். காலை வணக்கமும் அவற்றுக்குத்தான். நான் நண்டை உடைத்துச் சாறு உறிஞ்சும் தென்னாற்காட்டுக்காரன். அதன் பங்காளிக்கு ஒருவர் இழவு கொண்டாடியதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே புரிந்தது: மல்லிகாவுக்கான கையெழுத்து போயே போச்சு.

“மாதக் கடைசியில் காலி செய். இதையும் எடுத்துக்கொண்டு போ” என்று யானையைத் தூக்கி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்தார். அதன் வயிற்று ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. யானைக்கு வெளியேதான் மெருகு, உள்ளே சொரசொரப்பு. குடும்பம் குடும்பமாக அங்கே தங்கிவிட்டிருந்தன!

“இந்த ஓட்டை எதற்கு?” என்றார், குழந்தைபோல.

“அச்சில் ஊற்றியதில் மிச்சக் களிமண் கூழை வடிக்க.”

அன்றுதான் முதன்முறையாக என் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, “உன் மனைவியின் பெயர் என்ன?” என்றார். இரண்டு வருஷமாக நான் கெஞ்சி நடக்காததைப் பூச்சிகளின் சிபாரிசு முடித்து வைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

மல்லிகா வந்திறங்கிய அன்று, கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றாள். “ஐய, தண்ணி பூரா பூச்சி நெளியுது! வடிகட்டக் கூடாதாங்க? வேட்டி எங்க?”

“கம்முனு இரு புள்ள. நமக்கு வூடு குடுத்ததே அதுங்கதான்.”

அவள் குனிந்தாள். பொட்டல உப்புக் கடலுக்குள் கோணல் தும்பிக்கையோடு நம்மூர் மண் படுத்திருந்தது. அதன் வயிற்றுக்குள் போவதும் வருவதுமாக அவை இருந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“நம்ம ஊரு யானைக்குள்ள குடியிருக்க, இதுங்க யாருகிட்டங்க கையெழுத்து வாங்குச்சு?”