அலகுக்காக நிறுத்திய மாத்திரை

போன பங்குனியில் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தபோது ஒரு காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனின் வலது கையிலிருந்து இட்லி நழுவியது. வாய் ஒருபுறம் கோணியது.

"அண்ணே, என்ன செய்யுது?" என்றேன். பதிலாக வந்தது முனகல் மட்டும்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் ஆம்புலன்ஸில்தான் மதினி சொன்னார். "ஒரு வாரமா மாத்திரை போடல. அலகு குத்துறப்ப ரத்தம் வரக் கூடாதுன்னு நிறுத்திட்டாக."

அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. மாரியம்மன் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்துவதாக வேண்டியிருந்தார். அலகு குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால் விரதத்தில் குறை என்று எங்கள் ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துவிட்டார்.

"காயம் பட்டா ரத்தத்துல இருக்க தட்டணுக்கள்தான் முதல்ல வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைக்கும்," என்றார் மருத்துவர். "ரத்தக்குழாய்க்குள்ள படிஞ்ச கொழுப்பு வெடிச்சாலும் காயம்னு நினைச்சு அதே வேலையத்தான் பார்க்கும். அதை அடக்கத்தாம்மா அந்த மாத்திரை. இப்ப ரத்தக்கட்டி மூளையில அடைச்சிருக்கு."

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்.

"பேச்சு வருமா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது."

வராந்தாவில் நின்று கும்பிட்டேன். அழுகை வரவில்லை. தாயே, உனக்காகத்தான் அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திருப்பிக் கொடு. வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

விளக்கு போடும் நேரத்தில் மதினி என்னைக் கூப்பிட்டார். அண்ணனின் வலது விரல்கள் போர்வையைப் பிடித்திருந்தன. உதடு அசைந்தது. குழறலாக, "அலகு... குத்தணும்" என்றார்.

மதினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அதான் ஊசியக் குத்திட்டாகள்ல! பேசாமப் படுங்க."

"பேசட்டும் மதினி," என்றேன். "நல்லாப் பேசட்டும்."

நேர்த்திக்கடனை என்ன செய்வது என்று பூசாரியிடம் கேட்டோம். "ஆத்தா ரத்தமா கேட்டா? பால்குடம் எடுக்கச் சொல்லுங்க," என்றார்.

இந்தப் பங்குனியில் அண்ணன் மாத்திரையை விழுங்கிவிட்டுக் குடத்தைத் தூக்கினார். வலது கால் சற்று இழுத்தது. பால் சிந்தவில்லை.

ஊசியையும் அதற்கான நேரத்தையும் தந்தவள் மாரியம்மன்தான் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுக்கு இப்படியொரு காலை வந்தால் அவளைக் கூப்பிடுங்கள், கூடவே ஆம்புலன்ஸையும். விரதம் இருங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அண்ணன் தினமும் போன் செய்கிறார். மழை, மாடு, பஸ் என்று ஓயாமல் பேசுகிறார். நான் குறுக்கிடுவதே இல்லை.