வள்ளத்துக்கும் ஒரு பங்கு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுவைதீவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. கணக்குச் சோதனையில் நூறு எடுத்தால் யாழ்ப்பாணத்தில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவதாக ரீச்சர் சொல்லியிருந்தார். நான் எடுத்தது தொண்ணூற்றைந்து.

பிழைத்தது ஒரே கணக்கு. ஆறு மீனவர் 137 மீன்களைச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை, மீதி எத்தனை? நான் ஏழால் பிரித்திருந்தேன். பதின்மூன்றில் ஏழு ஒருமுறை, மிச்சம் ஆறு, அடுத்த இலக்கத்தை இறக்கினால் அறுபத்தேழு, அதில் ஒன்பதுமுறை. ஆளுக்குப் பத்தொன்பது, மீதி நான்கு. செய்கையில் ஒரு பிசகும் இல்லை.

“ஆறு பேர் எண்டுதானே கிடக்கு. ஏன் ஏழால பிரிச்சனீர்?”

“வள்ளத்துக்கு ஒரு பங்கு, ரீச்சர்.”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் ஏழால்தான் பிரித்திருந்தார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து தினமும் படகில் வந்துபோகும் ரீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“கணக்கில வள்ளம் எங்க இருக்கு? நாளைக்குத் திருத்திக்கொண்டு வாரும். சரியெண்டால் உம்மை அனுப்புறன்.”

வீட்டில் ஆறால் பிரித்தேன். ஆளுக்கு இருபத்திரண்டு, மீதி ஐந்து. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, வாசித்துக் காட்டினேன்.

“வள்ளத்துக்கு?”

“கணக்கில வள்ளம் இல்லை அப்பா.”

“அப்ப ஆறு பேரும் நீந்தியே போனவை?”

“ஐயோ, இது சும்மா ஒரு கணக்கு!”

“வள்ளக்காரனுக்கு மீதி அஞ்சை மட்டும் குடுத்தால் நாளைக்கு ஆர் வள்ளம் தருவினம்? அழிச்சுப்போட்டு ஏழால பிரி பிள்ளை.”

“ஏலாது!” என்று கத்தினேன். கணக்கு எழுதிய கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆத்திரத்தில் அழுதேன். போட்டிக்குப் போகப் போவது நான். ஒரு நாளும் பென்சில் பிடிக்காத மனிதர் என் விடையைப் பிழை என்கிறார்!

மறுநாள் ரீச்சர் சரி போட்டு, போட்டிக்கு என் பெயரையும் எழுதிக்கொண்டார். அன்று பின்னேரம் அப்பா அந்தக் கொப்பியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். பின்னாலேயே ஓடினேன். கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் சிவப்புச் சரியைத் தொட்டுத்தொட்டுக் காட்டினார். அங்கே வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கணக்கை மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பார்த்தார்.

“எழுத்து நல்ல வடிவு. பிள்ளை யாழ்ப்பாணம் போகத்தான் வேணும்,” என்றார். “விடைதான் பிழை.”

“ஓம், நானும் சொன்னனான்,” என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.