காற்று கொண்டுபோன வயலுக்கு ஒரு மனு

மண்ணைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பது ஓர் உத்தியோகம் என்றால் நம்புவீர்களா? தனக்கே புரியாத காகிதங்களுக்கு நம்பர் போட்டுக் காலம் தள்ளியவர்கள் கட்டாயம் நம்புவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் ஒரு விவசாய ஆபீசில் நான் குமாஸ்தா. மேல் பர்மாவில், மழை குறைந்த மியிங்யான் பக்கத்தில், காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது என்று புகார் வந்திருந்தது. அந்த ஊர்களின் மண், துணிப்பைகளில் ரயிலேறி என் மேஜைக்கு வரும்.

மின்விசிறி

ஆனி மாதம். ரங்கூன் மழையில் மேஜை டிராயரே ஊறிப்போய்த் திறக்க மறுக்கும். மண் எப்படிக் காயும்? பதினான்கு ஊர் மண்ணையும் பதினான்கு தட்டுகளில் பரப்பி, மின்விசிறியைப் போடச் சொன்னார் துரை. போட்டேன். ஒரே நிமிஷம். பதினான்கு ஊரும் சுவரிலும் ஃபைல்களிலும் துரையின் மீசையிலும் போய் ஒட்டிக்கொண்டன. காற்று மண்ணை எப்படிக் கொண்டுபோகிறது என்று ஆராய்வதற்கென்றே சீமையிலிருந்து வந்தவர் அவர். கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, எல்லாவற்றையும் கூட்டி எடுத்துப் பதினான்கு பங்காகப் பிரித்து, பழையபடி சீட்டு ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீஸைக் கூட்டுகிற முனியம்மாளை அழைத்து, இது சர்க்கார் மண், ஒரு பிடி வெளியே போகக்கூடாது என்று சொன்னேன். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனய்யா, இத்தனை நாளா நான் கூட்டித் தள்ளினதுக்கெல்லாம் பேர் எழுதி வச்சிருந்தா நானும் குமாஸ்தா ஆயிருப்பேன் போலிருக்கே!"

ஒற்றுமை

பதினான்கு தட்டுகளையும் சோதித்ததில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. வேறு எப்படி இருக்கும்? 'பதினான்கு ஊரிலும் மண் சத்திழந்துவிட்டது, பயிர் விளையாது' என்று துரை அறிக்கை எழுதினார். ஊருக்கு ஒரு கடிதமாகப் பதினான்கு கடிதங்களை நான் பிரதி எடுத்து அனுப்பினேன். முடிவுகள் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதைப் பாராட்டி மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

அந்த வாரமே முனியம்மாள் என்னை ஜன்னலோரம் கூப்பிட்டாள். சாரல் பட்ட தட்டுகளில் எள்ளுச் செடி இரண்டு விரல் உயரத்துக்கு முளைத்து நின்றது. அறுப்பில் உதிர்ந்த விதை மண்ணோடு வந்திருக்க வேண்டும். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு துரையிடம் ஓடினேன். அவர் செடியைப் பார்த்தார், பாராட்டுக் கடிதத்தைப் பார்த்தார். "அறிக்கை போய்விட்டது. செடியைப் பிடுங்கிவிடு" என்றார்.

மனு

பத்து நாள் கழித்து, தோளின் இரு பக்கமும் இரண்டு பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊ போ லா என்ற விவசாயி வந்தார். ஒரு பையில் நல்ல செம்மண். இன்னொன்றில் வெறும் பரல் கல். செம்மண் அவருடைய மண்தானாம். ஆனால் இப்போது அடுத்த வயல்காரர் கோ தெய்ன் நிலத்தில் கிடக்கிறதாம். காற்று கொண்டுபோனதைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வேண்டும் என்றார். காற்றுக்குச் சம்மன் அனுப்ப விதி இல்லை, எல்லையில் கள்ளி வேலி நட்டுக்கொள்ளட்டும் என்றார் துரை. நான் பர்மிய மொழியில் சொன்னேன். அந்த மொழியில் 'ஸயா' என்றால் 'ஐயா'. "வேலி இனிமேல் போகிற மண்ணைத்தானே ஸயா நிறுத்தும்?" என்று கேட்டுவிட்டு, எங்கள் கடிதத்தை மடியிலிருந்து எடுத்தார். நாலாக மடித்து வைத்திருந்தார். ஓரம் நைந்திருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய், டீ வாங்கிக் கொடுத்து, மின்விசிறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "அப்படியானால் இது எங்கள் ஊரைப் பற்றியதே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "எதுவும் விளையாது என்று நம்பி, உழவு மாட்டை விற்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்! தந்தி ஆபீஸ் எங்கே ஸயா?"

அடுத்த வயல்

கொட்டுகிற மழையில், இரண்டு பேரும் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராமுக்குப் பின்னால் ஓடினோம். தந்தி போய்ச் சேர்ந்தபோது மாடு சந்தைக்குப் பாதி வழியில் இருந்ததாம். திரும்பி வந்த மாட்டை வைத்துத்தான் அவர் வேலிக்குத் தண்ணீர் வண்டி ஓட்டினார். இதையெல்லாம் இரண்டு வருஷம் கழித்து எனக்குச் சொன்னவர் அந்த அடுத்த வயல்காரர், கோ தெய்ன். அவரும் ஒரு பையோடு வந்து நின்றார்.

வேலியை இருவரும் சேர்ந்துதான் நட்டார்களாம். கள்ளி நன்றாக அடர்ந்துவிட்டது. ஊ போ லாவின் வயலில் மண் தங்குகிறது, எள் பூத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்: "வருஷா வருஷம் எனக்கு வந்துகொண்டிருந்த மண் நின்றுபோய்விட்டது, ஸயா. அதற்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்."

மண் போனவர், வந்த மண் நின்றுபோனவர் என்று எல்லோருடைய மனுவையும் வாங்கி நம்பர் போட்ட எனக்கு, காற்றிடமிருந்து மட்டும் கடைசிவரை ஒரு புகாரும் வரவில்லை.