மாடிவீட்டுக் கதவில் ஒரு சின்னக் கதவு

அவனியாபுரத்தில் நான் கை வைக்காத இரும்புக் கேட் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பட்டறையில் இரும்புத்தூள் கூட்டிப் பெருக்கி ஆரம்பித்தவன் நான். இன்றைக்குக் கப்பலூரில் சொந்த ஷெட், இங்கே மாடியோடு வீடு. ஆகவே, கோயில் தூண்களைப் பற்றிப் படிக்க வந்த ஜெர்மனிக்காரப் பெண் வீடு தேடி அலைந்து கடைசியில் என் மாடிக்குக் குடிவந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மேலூர்ச் சொந்தக்காரர்கள் வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் தன் ஊரிலேயே தமிழ் படித்திருந்தது. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசும். ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தால்கூட நன்றி சொல்லும். "தண்ணிக்குப் போயி நன்றி சொல்லுதே, நம்மள என்ன அன்னியமாவா நெனைக்குது?" என்று என் மனைவிக்கு முதலில் வருத்தம். பிறகு பழகிவிட்டது. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்துதான் மொட்டைமாடியில் துணி மடிப்பார்கள்.

பிரச்சினை கதவில் வந்தது. எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவை உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. போட்டால் உள்ளே காய்ச்சல், இல்லையென்றால் சண்டை. அந்தப் பெண்ணோ காலையில் எழுத உட்கார்ந்தால் தாழ்ப்பாளைப் போட்டுவிடும். தெரு சும்மா இருக்குமா? கீரைக்காரம்மா தட்டும். இஸ்திரி போடுகிறவர் தட்டுவார். எதிர்வீட்டு அம்மா, எனக்குத் தங்கச்சி முறை, கிண்ணத்தில் ரசத்தோடு மாடியேறி, "என்னத்தா, மேலுக்குச் சரியில்லையா?" என்று நிற்கும்.

ஒருநாள் அந்தப் பெண் கீழே இறங்கி வந்தது.

"ஐயா, நான் ஏதாவது தவறு செய்தேனா? எங்கள் ஊரில் கதவை மூடினால், நலமாக இருக்கிறேன், வேலை செய்கிறேன் என்று பொருள். இங்கே எல்லோரும் பயப்படுகிறார்கள். என்னால் எழுத முடியவில்லை. ஏர்போர்ட் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் பார்த்திருக்கிறேன். அங்கே வாட்ச்மேன் யாரையும் மேலே விடமாட்டாராம்."

எனக்குப் பொறுக்கவில்லை. என் வீடு சரியில்லை என்று ஒரு ஆள் காலி பண்ணிப் போவதா? என் மனைவி முகமும் வாடிவிட்டது. நேரே தெருவில் இறங்கினேன்.

"அந்தப் புள்ள கதவ இனிமே எவரும் தட்டக் கூடாது. சொல்லிட்டேன்."

"உள்ள என்ன ஆனாலுமாண்ணே?" என்றது எதிர்வீட்டுத் தங்கச்சி.

"தட்டக் கூடாதுன்னா தட்டக் கூடாது."

என் பேச்சுக்குத் தெருவில் மரியாதை உண்டு. ஒரு ஈ காக்கைகூட மாடிப்படி ஏறவில்லை. அந்தப் பெண்ணும் சிரித்த முகமாக, "இந்த மாதம் இருந்து பார்க்கிறேன்" என்றது.

அடுத்த வாரம் ஒரு காலையில் என் மனைவி மாடிப்படியில் நின்றபடி கூப்பிட்டாள். "நேத்துத் துணி மடிக்கவும் அந்தப் புள்ள வரல. படிக் கம்பியில நேத்து மாட்டுன பால் பாக்கெட்டு இன்னும் பையிலேயே கெடக்கு. நான் போயித் தட்டப்போறேன்."

"எழுதிக்கிட்டிருக்கும். விடு."

"ஒங்க உத்தரவ நீங்களே வச்சுக்கங்க."

கை வலிக்கத் தட்டினாள். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. கண் சிவந்து, உடம்பு அனலாய்க் கொதிக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பெண். காரை எடுத்தேன். பின்சீட்டில் எதிர்வீட்டுத் தங்கச்சிதான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறி, கண்ணைத் திறந்ததும் அந்தப் பெண் சொன்னது: "போனில் சார்ஜ் இல்லை. எழுந்து போய்ப் போட முடியவில்லை. யாராவது தட்டுவார்கள், தட்டுவார்கள் என்று படுத்துக்கொண்டே இருந்தேன்."

எதிர்வீட்டுத் தங்கச்சி என்னைப் பார்த்தது. நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

உடம்பு தேறி வீடு திரும்பியும் அந்தப் பெண்ணுக்குக் குழப்பம் தீரவில்லை. "தட்டினால் எழுத முடியவில்லை. தட்டாவிட்டால் பயமாக இருக்கிறது. போவதா இருப்பதா என்று தெரியவில்லை, ஐயா."

இதற்கு வழி என்னைத் தவிர யார் கண்டுபிடிப்பார்? மாடிக் கதவில் அந்தப் பெண்ணின் முக உயரத்துக்கு அளவெடுத்தேன். பலகையைச் சதுரமாக வெட்டி, இரும்புச் சட்டம் அடித்து, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்து, கதவுக்குள் ஒரு சின்னக் கதவு மாட்டினேன். பட்டறை ஆளை விடவில்லை, என் கையாலேயே செய்தேன். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கீல் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டதில்லை.

இப்போது தினமும் பதினோரு மணி வாக்கில் எதிர்வீட்டுத் தங்கச்சி மாடியேறி ஒரு தட்டு தட்டும்.

"நல்லா இருக்கேன் அக்கா!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதற்குள் எங்கள் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"சத்தம் போட்டாப் போதுமா? மூஞ்சியக் காட்டு."

சின்னக் கதவு திறக்கும். முகம் தெரியும். சில நாள் அந்த வழியாக ஒரு கிண்ணம் உள்ளே போகும். மறுபடி மூடிக்கொள்ளும். அவ்வளவுதான், சாயங்காலம் வரைக்கும் தொந்தரவில்லை. அபார்ட்மென்ட்காரருக்கு வரவில்லை என்று அந்தப் பெண் போன் பண்ணிச் சொல்லிவிட்டது. அதுவும் என் முன்னாடியே பேசியது.

விஷயம் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் எதிர்வீட்டுத் தங்கச்சியின் மருமகள் பட்டறைக்கே வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதுசு. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற பெண். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டது.

"மாமா, எங்க ரூமு கதவுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுத் தருவீங்களா? அத்தைக்குத் தெரிய வேணாம்."

"ஒங்கத்தைக்குத் தெரியாம நான் எப்புடித்தா கதவ அளக்குறது?" என்றேன்.

அளவு டேப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். தங்கச்சி இன்னும் எந்த ஊருக்கும் கிளம்பின பாடில்லை.