வால்கேஸ்வரில் விழாத வால்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மும்பை வால்கேஸ்வரில் பாண்கங்கா குளத்துப் படிக்கட்டில் ஒரு பூக்காரம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது. வாங்கிக் கட்டிக்கொண்டது பூ இல்லை. நல்ல மூக்குடைப்பு.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் மணல், சிமென்ட், செங்கல் விற்கிற சின்னக் கடை எனக்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா போட்ட கடை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஸ்தல புராணத்தை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பம்பாயைச் சுற்றிக் காட்டுவதும் நான்தான். அவர்களும் பாவம், தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள்.

என் அக்கா மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்களோடுதான் இருக்கிறாள். குழந்தை இல்லை. அத்தான் அந்த வருஷம் புரட்டாசியில் திடீரென்று போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தது நான். சாம்பலில் பெரும் பகுதியை மூன்றாம் நாளே கடலில் கரைத்துவிட்டோம். ஒரு சின்னக் கலயத்தை மட்டும் ராமேஸ்வரத்துக்கென்று சுடுகாட்டு லாக்கரில் வைத்தோம். கல்யாணமான புதிதில் அத்தான் அக்காவிடம் “உன்னைய ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறேன்” என்று சொன்னாராம். முப்பத்தோரு வருஷம் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

அக்காவுக்கோ வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இதயமும் பலவீனம். “ரயிலும் வேண்டாம், விமானமும் வேண்டாம்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் மட்டும் போய்க் கரைத்துவிட்டு வருகிறேன் என்றேன். அக்கா ஒரே பிடிவாதம்.

“நீ போயி கரைச்சா அது நீ கரைச்சதுல்லா? அவிய என்னையக் கூட்டிட்டுப் போறேன்னுல்லா சொன்னாவ. என் கையாலதான் அனுப்பி வைக்கணும். முடியலையா, கலயம் அங்கனயே இருக்கட்டும். நான் போனப்புறம் ரெண்டையும் சேத்து எடுத்துட்டுப் போ.”

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, டயாலிசிஸுக்குக் கிளம்பவும் அடம் பிடித்தாள். “எதுக்குலே இந்த ஊசியும் குழாயும்” என்பாள். நாலு மாசம் இப்படியே ஓடியது.

சரி, மனசாவது மாறட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்சி பிடித்து அவளை பாண்கங்காவுக்குக் கூட்டிப் போனேன். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறுகிற குளம். ராமர் அம்பு விட்டு வரவழைத்த கங்கை என்பார்கள். பாண் என்றால் அம்பு. திருச்செந்தூர் நாழிக்கிணறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

படியில் அக்காவை உட்காரவைத்து ஆரம்பித்தேன். ராமேஸ்வரத்தில் சீதை மணலால் லிங்கம் பிடித்து, ராமர் பூஜையும் முடித்த பிறகு, கைலாசத்திலிருந்து லிங்கத்தோடு அனுமார் தாமதமாக வந்து சேர்ந்தார். கோபத்தில் மணல் லிங்கத்தை வாலால் சுற்றி இழுத்தார். லிங்கம் அசையவில்லை, வால்தான் அறுந்தது. இதுவரைக்கும் ஊரறிந்த கதை. இதற்கு மேல் என் சொந்தச் சரக்கு: அறுந்த வால் பறந்து வந்து விழுந்த இடம்தான் இது. அதனால்தான் வால்-கேஸ்வர். “பேர்லயே இருக்கு பாரு!” என்று முடிப்பேன். இருபது வருஷமாக இப்படித்தான் சொல்லி வந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் என்ன கதை என்று கேட்டது. விடுவேனா? ஹிந்தியிலும் ஒரு தடவை எடுத்துவிட்டேன். அதைக் கேட்டுத்தான், கீழ்ப்படியில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்த மராத்திக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஐம்பது வயது இருக்கும். மடிசார் மாதிரி காஷ்டா கட்டு, நெற்றியில் பெரிய குங்குமம்.

“பாவூ, வாலுக்கு ஹிந்தியில பூஞ்ச்சுன்னு சொல்றே. அப்ப பூஞ்ச்கேஸ்வர்னுல்ல இருக்கணும் பேரு?” என்றார். பாவூ என்றால் மராத்தியில் சகோதரன்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னால்! “பூ கட்டுற வேலையைப் பாருங்கம்மா. புராணம் உங்களுக்கு என்ன தெரியும்?” என்று சத்தம் போட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த அம்மா கோபப்படவே இல்லை. “உன் தொழில் என்ன பாவூ?” என்று கேட்டார்.

“சிமென்ட், மணல் வியாபாரம்.”

“உன் கடைக்கு மராத்தி மேஸ்திரி வருவானா?”

“தினமும் வருவான்.”

“அவன் மணலுக்கு என்ன சொல்லிக் கேட்பான்?”

நான் வாயைத் திறந்தேன். பாதியிலேயே நின்றுவிட்டேன். ‘வாளூ’. ரேத்தி என்று நாங்கள் ஹிந்தியில் சொல்வதை அவன் வாளூ என்பான். அப்பா காலத்திலிருந்து கடையில் காலை எட்டு மணிக்கே விழுகிற சொல் அது. வாளூவால் ஆன ஈஸ்வரன், வாள்கேஸ்வர்; அதைத்தான் நாங்கள் வால்கேஸ்வர் என்கிறோம். மணலே பிழைப்பாக இருக்கிறவனுக்கு மணல் என்ற சொல் காதில் விழவில்லை, தமிழ் வால்தான் விழுந்திருக்கிறது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு மாசத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதனால் எனக்கு வந்த வெட்கம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு அந்த அம்மாவே கதையைச் சொன்னார். சீதையைத் தேடிப் போகிற வழியில் ராமர் இங்கே தங்கினார். பூஜைக்கு லிங்கம் கொண்டுவரச் சொல்லி லட்சுமணனைக் காசிக்கு அனுப்பினார். அவன் வரத் தாமதமாகவே, மணலை அள்ளித் தானே லிங்கம் பிடித்துவிட்டார். பழைய ராஜாக்கள் அதற்குக் கோயில் கட்டினார்கள். பிற்பாடு கப்பலில் வந்த போர்ச்சுகீசியர் கோயிலை இடித்தபோது, மணல் லிங்கம் அவர்கள் கைபடாமல் தானாகவே கடலில் குதித்துவிட்டதாம். இப்போது கோயிலில் இருப்பது பின்னால் வைத்த லிங்கம் என்றார்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஹிந்தி நன்றாகவே புரியும். “அப்ப அந்த மணல் லிங்கம் இந்தக் கடலுக்குள்ளயா இருக்கு?” என்று கேட்டாள்.

“அங்கேதான் தாயி” என்று குளத்துக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார் பூக்காரம்மா. தாயி என்றால் மராத்தியில் அக்கா.

அக்கா என் கையைப் பிடித்தாள். “எலே, ராமேஸ்வரத்துலயும் ராமர் பூஜை பண்ணின மணல், இங்கயும் ராமர் பூஜை பண்ணின மணல். அவியள இங்கயே கரைச்சிருவோம்லே. நான் நடந்து வந்துருவேன்.” சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

நான் பூக்காரம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் கலயத்தைப் பற்றி, டயாலிசிஸைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். பூ கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். குளத்தில் கரைக்கக் கூடாது, மீன் செத்துப்போகும். கடலில்தான் கரைக்க வேண்டும் என்றார். பின்பக்கம் முழுக்கப் பாறை. பத்து எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறவள் எப்படி இறங்குவாள்?

“அமாவாசைக்கு மத்தியானம் வா. அன்னிக்குத் தண்ணி மேல ஏறும். தாயி கடல்கிட்ட போக வேண்டாம், கடல் தாயிகிட்ட வரும்” என்றார்.

அமாவாசை டயாலிசிஸ் இல்லாத நாளாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். கலயத்தை எடுத்துக்கொண்டு போனோம். குளக்கரையில் நான் எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்தேன். அமாவாசை என்றால் அங்கே கூட்டம் நெரியும். பூக்காரருக்கு வருஷத்தில் நாலைந்து நாள்தான் அப்படி வியாபாரம். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் கூடையைப் பக்கத்துக் கடையில் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மீனவர் குடியிருப்புச் சந்துக்குள் போய்க் குரல் கொடுத்தார். இரண்டு பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்கள்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். நான் கை கொடுக்கப் போனேன். “நீ கலயத்தைப் பிடி, போதும்” என்று அதட்டினார்கள். அக்காவின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடும் நரம்பு புடைத்திருக்கும், அதில் பாரம் படக் கூடாது. அதைச் சொல்ல மறந்துவிட்டேனே என்று பதறினால், பூக்காரம்மா ஏற்கெனவே அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நடந்தார். கடைசிப் பாறையில் நாற்காலியை இறக்கினார்கள். சொன்ன மாதிரியே தண்ணீர் ஏறி வந்து அக்காவின் பாதத்தை நனைத்தது.

அக்கா கலயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். “வாங்க, ராமேஸ்வரம் வந்தாச்சு” என்று அத்தானிடம் சொன்னாள். வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கரைத்தாள். அவசரப்படவே இல்லை. அந்த மூன்று பெண்களும் முட்டளவு தண்ணீரில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரென்றே தெரியாத ஒரு மனுஷனுக்காக அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அங்கேயே உடைந்து அழுதேன்.

அன்று இரவு அக்கா தானாகக் கேட்டு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். மறுநாள் டயாலிசிஸுக்கு எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் ஸ்தல புராணம் சொல்வது இப்போது அவள்தான். “எந் தம்பி இருக்கானே, மணல் விக்கிறவன், அவனுக்கு மணல்னா என்னன்னு தெரியாது” என்று ஆரம்பித்தால் வார்டே சிரிக்கும். நானும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இப்போதெல்லாம் யாராவது “அது அப்படி இல்லை” என்றால் கோபம் மூக்கு நுனி வரைக்கும் வரத்தான் செய்கிறது. ஆனால், நான் போட்ட சத்தத்துக்கு அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், என் அக்கா தன் புருஷனைத் தன் கையால் வழியனுப்பியே இருக்க மாட்டாள் என்று நினைத்து, முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன்.